முந்நூறாவது கிலோமீட்டர்

மணிக்காரரின் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட வருடம், பெருநகரம் ஊரிலிருந்து இருநூற்று எண்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தது. அவர்களுக்குக் கல்யாணமானபோது அது பதினெட்டில்தான் இருந்தது. காலையில் போய்ச் சட்டைத் துணி எடுத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். இடையில் நடந்தது ஒன்றும் ரகசியமில்லை. ஊரிலிருந்த ஒரே கல்லூரிக்கு உலகமெல்லாம் பெயர் வந்துவிட்டது. வெளிநாட்டுக்காரர்கள் பெருநகரத்துக்குக் கடிதம் போடும்போதுகூட, முகவரியில் 'அந்தக் கல்லூரி ஊருக்குப் பக்கத்தில்' என்று அடையாளம் எழுத ஆரம்பித்தார்கள். எந்த நகரத்துக்குத்தான் பொறுக்கும்? மரியாதை குறைந்த சம்பந்தியைப் போல அது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, கல்லூரிக்குப் பரிசு வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக விலகி உட்கார்ந்தது.

கல்லூரிக் கோபுர மணியை ஒரு தடவை அடித்தால் நகரம் ஒரு கிலோமீட்டர் விலகும். இதை அளந்து சொன்னது புவியியல் துறை. அந்த ஆராய்ச்சிக்கும் பரிசு கிடைத்துத் தொலைத்ததால் அதற்கும் மணி அடிக்க வேண்டியதாயிற்று. கல்லூரியின் வழக்கம் அப்படி: செய்தி வந்த நாளில் பொழுது சாய்வதற்குள் மணி ஒலித்தால்தான் பரிசு பதிவேட்டில் ஏறும், இல்லையென்றால் வந்த வழியே திரும்பிவிடும். ஒரு அடி போதும். ஆனால் மணிக்காரர் இருபத்து நான்கு வருடமாக இரண்டு அடி அடித்துவந்தார். பெருநகரத்தில் கடை வைத்திருந்த அவருடைய மச்சான், கல்யாணத்தன்று நாலு பேர் முன்னால், "உங்க ஊரா மாப்ளே? மேப்ல பார்த்தேன், ஈ உக்காந்திருக்குன்னு தட்டி விட்டுட்டேன்" என்று சொல்லிச் சிரித்திருந்தார். ஆகவே முதல் அடி கல்லூரிக்கு, இரண்டாவது மச்சானுக்கு. அவர் கடை வரைக்கும் கேட்கட்டும் என்று எம்பி எம்பி இழுப்பார். அந்த இரண்டாவது அடியும் நகரத்தைத் தள்ளும் என்பது புவியியல் துறை சொல்லும்வரை அவருக்குத் தோன்றவில்லை. சொன்ன பிறகும் அவர் நிறுத்தவில்லை.

ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரம் பெருநகரத்து ஆஸ்பத்திரியில் மட்டும்தான் இருந்தது. உலகத்துக்கே பாடம் சொன்ன ஊரில் காய்ச்சலுக்கு மாத்திரை தருகிற ஒரு மருந்தகத்தைத் தவிர வேறில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை, போக ஏழு மணி நேரம், இயந்திரத்தோடு நாலு மணி நேரம், வர ஏழு மணி நேரம். ஒரு தடவை தவறினால் அடுத்த தடவைக்கு ஆள் இருக்கமாட்டார் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். முதல் மாதம் திரும்பி வரும்போது, பேருந்து ஜன்னலில் தலை சாய்த்திருந்த மனைவியைப் பார்த்தபடி இருந்த மணிக்காரருக்கு விஷயம் உறைத்தது. இந்தச் சாலையில் நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டர் அவர் தன் கையால் இழுத்து உண்டாக்கியது. அழுதுகொண்டே அதை அவளிடம் சொன்னார். அவள் ஜன்னலிலிருந்து தலையை எடுத்தாள்.

"எனக்குத் தெரியாதாங்க? ரெண்டாவது அடி கேக்கும்போதெல்லாம் அடுப்படியில நின்னு நானும்தானே சிரிச்சேன்" என்றாள்.

அன்றிலிருந்து அவர் ஒரு அடியோடு நிறுத்திக்கொண்டார். அதுவும் வராமலிருக்கத் துறை துறையாக ஏறி இறங்கினார். கணிதப் பேராசிரியரிடம் கையெடுத்துக் கும்பிட்டு, "ஐயா, இந்த வருஷம் மட்டும் எதையும் கண்டுபிடிக்காம இருங்களேன்" என்று கேட்டார். பேராசிரியர் மனமிரங்கி ஒப்புக்கொண்டு, சும்மா இருக்க முடியாமல் இரண்டு தேற்றங்களை நிரூபித்துவிட்டார். இப்படியே இரண்டு வருடத்தில் பன்னிரண்டு அடி ஆயிற்று. முந்நூறு கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் தினசரிப் பேருந்து கிடையாது, வாரம் ஒன்றுதான் என்று பேருந்து நிலையத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். தூரம் சரியாக முந்நூறில் நின்றது. மணிக்காரர் ரோஷத்தையெல்லாம் மென்று விழுங்கி மச்சானுக்குப் போன் போட்டார். மச்சானும் நல்லவிதமாகவே, "இங்கேயே கொண்டாந்து விடுங்க மாப்ளே, நான் பார்த்துக்கறேன்" என்றார். மனைவிதான் மசியவில்லை. "அண்ணன் வீட்டுல விருந்தாளியாக் கிடக்கறதுக்கு நான் பஸ்ஸுலயே கிடந்துட்டுப் போறேன்."

அந்த நிலையில்தான் மகளுக்குப் பரிசு வந்தது. அவள் அதே கல்லூரியில் ஈரச் சுவர்களில் படரும் பாசியைப் பற்றி ஆறு வருடம் ஆராய்ச்சி செய்தவள். அதுவரை பரிசு வாங்கியவர்கள் எல்லோரும் எங்கிருந்தோ படிக்கவும் கற்பிக்கவும் வந்தவர்கள். ஊரில் பிறந்த பிள்ளைக்குக் கிடைத்தது அதுவே முதல் தடவை. மத்தியானம் தந்தி போல நாலு வரி வந்தது. மகள் அதைப் படித்துவிட்டுக் கோபுரத்தடிக்கு ஓடிவந்து, "அப்பா, அடிக்காதீங்க. பாசி எங்கயும் போயிடாது, அம்மா போயிடுவாங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து, வெயில் சுவரிலிருந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணிக்காரர் தன் வாழ்நாளில் அவ்வளவு கேவலமாகத் தன்னை நினைத்ததில்லை. எந்தப் பக்கம் முடிவு செய்தாலும் ஒருத்தியைக் கொன்ற மாதிரிதான்.

மனைவி இவர்களைத் தாண்டி எப்போது உள்ளே போனாள் என்று இருவருக்கும் தெரியாது. நூற்றுப் பன்னிரண்டு படி. படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி ஏறியிருக்கிறாள். ஊசி ஏறாத வலது கையால் கயிற்றைச் சுற்றிப் பிடித்து, உடம்பின் பாரம் மொத்தத்தையும் அதில் தொங்கவிட்டாள். மணி ஒருமுறை ஒலித்தது. கீழே அவர் அலறிக்கொண்டு எழுந்தபோது இரண்டாவது முறையும் ஒலித்தது.

"முதல் அடி நம்ம பொண்ணுக்கு" என்றாள், இறங்கி வந்ததும். "ரெண்டாவது எங்க அண்ணனுக்கு."

நகரம் இந்த முறை கிலோமீட்டர் கணக்கெல்லாம் பார்க்கவில்லை. சொந்த ஊர்ப் பிள்ளை என்றதும் அதற்கு அடிமடியில் கைவைத்த மாதிரி ஆகிவிட்டது. கோபித்துக்கொண்டு போனது போனதுதான். கடைசித் தினசரிப் பேருந்து சாயங்காலம் புறப்பட்டது. மறுநாள் இயந்திரத்தில் அவளுடைய முறை. மணிக்காரரும் ஏறப் பார்த்தார். "அவ பேரு பதிவேட்டுல ஏறுறதைக் கூட இருந்து பாருங்க" என்று அவரை இறக்கிவிட்டு, ஜன்னலோர இருக்கையில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்துகொண்டாள்.

அந்தப் பேருந்து இன்னும் பெருநகரத்துக்குப் போய்ச் சேரவில்லை. தூரம் காட்டும் முள் ஒரு சுற்று முடிந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடுகிறதாம், டீசல் குறையவில்லையாம். மூன்றாவது நாள் என்ற ஒன்று அந்தச் சாலையில் இதுவரை வரவில்லை, அதனால் அவள் சாகவும் இல்லை. மகள் கல்லூரியிலேயே ஆசிரியையாகிவிட்டாள். பேருந்து நிலையத்தில் விசாரித்தால், "போய்க்கிட்டிருக்கு" என்கிறார்கள், வேலையைப் பார்த்துக்கொண்டே. மணிக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்துனருடைய போனுக்குப் பேசுவார். நடத்துனர் அதை மூன்றாவது வரிசையில் இருக்கும் அவளிடம் கொடுப்பார்.

போன சனிக்கிழமை வேதியியல் துறைக்கு ஒரு பரிசு வந்தது.

"நேத்து மணி கேட்டுச்சுங்க" என்றாள் அவள், இஞ்சின் சத்தத்துக்கு நடுவே. "ஒரு தடவைதான் கேட்டுச்சு. ஏன், கை வலியா?"

ஆமாம், கொஞ்சம் வலி என்றார் மணிக்காரர்.