பாதிச் செவ்வந்தி

2019ஆம் வருடம் மார்கழி முதல் வாரத்தில், பூலாங்காட்டுப்புதூரில் சரவணன் தோட்டத்துச் செவ்வந்திகள் எல்லாம் இடது பாதி மட்டும் பூத்தன. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அவன் தங்கை மோகனப்பிரியாவின் தோட்டத்தில் வலது பாதி மட்டும் பூத்தன. பூச்சி அரிக்கவில்லை, இதழ் உதிரவும் இல்லை. பூவின் நடுவே நேர்கோடு. கோட்டுக்கு ஒரு பக்கம் நெருக்கமாக இதழ், மறுபக்கம் ஒன்றுமே இல்லை. நறுக்கிய எலுமிச்சம்பழம் போல இருந்தது. அதே வாரம் வெங்காய விலை நூறைத் தாண்டியது. உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

அந்தச் செவ்வந்தி மோகனப்பிரியா உண்டாக்கிய புது ரகம். தோட்டக்கலை படித்துவிட்டு வந்தவள், ஏழு வருடம் ஒரு சின்னத் தூரிகையை வைத்துக்கொண்டு ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவுக்குத் தொட்டு வைத்தபடியே இருந்தாள். ஊரார் அவளைப் பெயிண்டர் அம்மணி என்று கேலி பேசினார்கள். 2018இல் நானூறு நாற்றில் ஒன்றே ஒன்று அவள் நினைத்தபடி வந்தது. இதழின் மேல்பக்கம் பூசு மஞ்சள், அடிப்பக்கம் வெற்றிலை போட்ட நாக்கின் சிவப்பு. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்ட வீடு அது. அந்த ஏழு வருடமும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியவள் அம்மா செல்லாத்தாள். முதல் பூவைப் பார்த்து, "இது தேறும் கண்ணு" என்றவள் அடுத்த மாசியில் இறந்துபோனாள். பூவுக்கு அம்மா பெயரைத்தான் வைப்பது என்று மோகனப்பிரியா முடிவு செய்து, புதிய ரகங்களைப் பதிவு செய்யும் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டாள். அவர்கள் மூன்று விஷயம் கேட்டார்கள். வேறெந்த ரகத்தின் சாயலும் இருக்கக் கூடாது, எல்லாச் செடியும் ஒன்று போல இருக்க வேண்டும், வருடா வருடம் மாறாமல் இருக்க வேண்டும். செல்லாத்தாள் என்ற பெயர் அந்தப் பதிவேட்டில் ஏறிவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று இருந்தாள்.

அதற்குள் பாகப்பிரிவினை வந்தது. எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த பெண்கள் சீர் வாங்கிக்கொண்டு, சொத்து வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிடுவதுதான் வழக்கம். சட்டம் மாறி எத்தனை வருடமானாலும் வழக்கம் மாறவில்லை. போத்தனூரில் ரயில்வே வேலை பார்க்கும் உதய்க்கு வாழ்க்கைப்பட்டிருந்த மோகனப்பிரியா கையெழுத்துப் போட மறுத்து, குடும்பத்து நாற்றுப் பண்ணையில் பாதி கேட்டாள். சரவணன், "கட்டிக் குடுத்தாச்சு, உனக்கு இங்க என்ன இருக்குது?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டான். அந்தப் பேச்சுக்கு அப்புறம் அவள் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. பெரியவர்கள் உட்கார்ந்து பிரித்தார்கள். நாங்கள் பங்கு பிரித்தால் அதில் ஓர் இம்மி பிசகாது. கிணற்றுத் தண்ணீர் ஆளுக்கு மூன்று நாள், தென்னை ஆளுக்குப் பதினாலு, அம்மாவின் ஈயப்பாத்திரம்கூடத் தராசில் ஏறியது. கடைசியில் அந்தத் தாய்ச் செடி மிச்சம். நான்கு துண்டு ஒடித்து நட்டால் நான்கு செடி வந்திருக்கும். அது அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனால் தாய்ச் செடி யாரிடம் இருப்பது என்றுதான் இருவரும் நின்றார்கள். பெரியவர்கள் நூல் பிடித்து, தூரை நட்ட நடுவில் வெட்டி, ஆளுக்கொரு பாதி கொடுத்தார்கள். நியாயமாகச் செய்துவிட்டோம் என்று காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

அந்தப் பாதிகளிலிருந்து ஒடித்து நட்ட செடிகளில் மார்கழியில் பாதிப் பூ வந்தபோது மருந்துக் கடைக்காரர் நுண்ணூட்டம் கொடுத்தார், பூசாரி திருநீறு கொடுத்தார். இரண்டும் பலிக்கவில்லை. மோகனப்பிரியா போத்தனூர் மொட்டை மாடியில் தொட்டியில் வைத்துப் பார்த்தாள்; அங்கேயும் வலது பாதிதான். காந்திபுரத்தில் பூக்கடை வைத்திருக்கும் சாஜிதா பேகம் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. சரவணனிடம் ஒரு கூடை, மோகனப்பிரியாவிடம் ஒரு கூடை வாங்கி, இடதையும் வலதையும் சேர்த்து வைத்து நூலால் கட்டி முழுப் பூவாகவே விற்றாள். "ரெண்டும் அச்சா ஒட்டுதுங்க" என்று அவள் அண்ணனிடமும் சொன்னாள், தங்கையிடமும் சொன்னாள். இருவரும் காதில் விழாத மாதிரி வேறு பேச்சு எடுத்தார்கள்.

2021 தையில் பதிவு அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் அளவுகோலும் வண்ண அட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். இருபது செடியைப் பார்த்தார். எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கிறது, ஆனால் பாதிப் பூவுக்கு விட்டம் எப்படி எழுதுவது, முழுப் பூவைக் காட்டுங்கள் என்றார். மீதி வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்ல மோகனப்பிரியாவுக்கு வாய் வரவில்லை. மூன்று வருடம் தவணை கொடுத்தார். 2024 மாசிக்குள் முழுப் பூ காட்டாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி, அந்தப் பெயரும் போய்விடும். உதய் தன் மச்சானிடம் போய்க் கேட்டுப் பார்த்தான். என் பாதி என் காட்டில் இருக்கட்டும் மாப்பிள்ளை என்று சரவணன் மோர் கொடுத்து அனுப்பிவிட்டான்.

சரவணனுக்கு அப்போது முப்பத்தேழு வயது. காடு தோட்டம் பார்ப்பவனுக்குப் பெண் கிடைப்பது எங்கள் பக்கம் எவ்வளவு கஷ்டம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பார்த்த ஜாதகங்களை ஒரு கோணிப்பையில் போட்டு வைத்திருந்தான். 2023 ஐப்பசியில் கோபிப் பக்கத்திலிருந்து லோகப்பிரியா என்ற பெண் சம்மதித்தாள். தையில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு இணைச்சீர் செய்தாக வேண்டும். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவன் பக்கத்தில் நிற்பாள், கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையிலும் மறுமுனை அவள் கூடையிலும் இருக்கும். இனி எந்தக் காலத்திலும் இந்த உறவு விடாது என்று ஊரறியச் சொல்லும் சீர் அது. சித்தப்பா மகள்கள் மூன்று பேர் தயாராக இருந்தார்கள். சரவணன் வேண்டாம் என்றுவிட்டான். மோகனப்பிரியா இப்போது பேரம் பேசுவாள், இடது பாதியைக் கொண்டு வந்து வைத்தால்தான் மணவறைக்கு வருவாள் என்று ஊரே அடித்துச் சொன்னது. நானும் அப்படித்தான் சொன்னேன்.

அவன் இரண்டு பஸ் மாறி, வெற்றிலைத் தட்டோடு போத்தனூர் வீட்டு வாசலில் நின்றான். நாலரை வருடம் கழித்துப் பார்க்கிறாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. பூவைப் பற்றியும் அவள் வாய் திறக்கவில்லை. அடக்கி அடக்கி வைத்திருந்த ஒரே ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"ஏனுங்ணா, எனக்கு அங்க என்ன இருக்குது?"

சரவணன் தட்டை அவள் பக்கமாக நீட்டினான்.

"பாதிப் பூவு இருக்குது அம்மணி. மீதி என்கிட்ட இருக்குது. நான் அன்னைக்குப் பேசுனது தப்பு."

மோகனப்பிரியா அழுதாள். தட்டை வாங்கிக்கொண்டாள். அழுதுகொண்டே, சாப்பிட்டுப்போட்டுத்தான் போகோணும் என்று இலை போட்டாள்.

கல்யாணத்தில் அவள் கூடையில் வலது பாதிப் பூக்கள், அவன் மாலையில் இடது பாதிப் பூக்கள். சேலை முனையை இருவரிடமும் கொடுத்தபோது மண்டபமே எழுந்து எட்டிப் பார்த்தது. பூக்கள் முழுதாகவில்லை. வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பந்தியில் பால்பாயசம் நன்றாக இருந்ததால் மறந்துவிட்டார்கள். மறுவாரம் சரவணன் தன் செடிகளில் இருபதைத் தொட்டிகளில் எடுத்து, சுமந்து வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தான்.

மாசி பிறக்க இரண்டு நாள் இருந்தபோது அதிகாரி வந்தார். இருபது இடது பாதியையும் இருபது வலது பாதியையும் ஜோடி ஜோடியாக நெருக்கி வைத்து அளந்தார். விட்டம் ஒன்பது சென்டிமீட்டர். இந்த மாதிரி வேறெந்த ரகமும் இல்லை, எல்லா ஜோடியும் ஒன்று போல இருக்கிறது, நாலு வருடமாக மாறவும் இல்லை. மறுக்க ஒரு காரணமும் இல்லை என்றார். ரகம் ஒன்று, செடி இரண்டு, உரிமையாளர் இருவர் என்று நிரப்பினார். பெயருக்கான கட்டத்தில் மோகனப்பிரியா தன் கையாலேயே செல்லாத்தாள் என்று எழுதினாள். புகைப்படம் எடுக்கும்போதுதான் அதிகாரி கொஞ்சம் தயங்கினார். எவ்வளவு நெருக்கி வைத்தாலும் பூவின் நடுவில் அந்தக் கோடு தெரிகிறதே, கம்ப்யூட்டரில் அழித்துவிடலாமா என்று கேட்டார். தங்கை பதில் சொல்வாள் என்று பார்த்தால் அண்ணன் முந்திக்கொண்டான்.

"இருக்கட்டுங்க. எங்கம்மா எப்பவும் நடுவகிடுதானுங்க எடுப்பாங்க."

அதிகாரி கோட்டை அப்படியே விட்டுவிட்டார்.