பட்டத்து யானைக்கு மின்னஞ்சல் வேலை

அந்த அலுவலகத்தில் கணினிக்கும் சாதி உண்டு. புதிதாய் வருவது முதலாளியின் அறைக்கு. அவர் கழித்தது மேலாளருக்கு. மேலாளர் கழித்தது, பாலங்கள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிடுகிற பொறியாளரான, முதலாளியின் தங்கைக்கு. பதவிக்குப் பளபளப்பு, பாடுபடுகிறவளுக்குப் பழையது! அண்ணன் வகுத்த அந்த முறையை யாரும் கேள்வி கேட்டதில்லை. அண்ணனே தம்மைக் கேட்டுக்கொண்டதில்லை.

இவ்வாண்டு வந்ததோ மாபெரும் வொர்க்ஸ்டேஷன், கடினமான கணக்குகளுக்கென்றே செய்த கணினி. ஊழியர்கள் அதற்குப் 'பட்டத்து யானை' என்று பெயர் சூட்டினார்கள். அறைக்குள் யானை மின்னஞ்சல் படித்துக்கொண்டிருந்தது. வெளியே, தங்கையின் கிழட்டு இயந்திரம் நடைமேம்பாலத்தின் கணக்கைப் பாதி மலை ஏற்றி, மூச்சடைத்து நின்றது. மறுபடியும் முதலிலிருந்து.

அந்தப் பாலத்தின் வேலையைக் கொடுத்த நகராட்சிப் பொறியாளர் நேரில் வந்துவிட்டார். "என்ன சார், ஜனங்க கூட்டமா நடந்து போனா பாலம் ஆடுமான்னுதானே கேட்டேன்? பதில்தான் ஆடி அசைஞ்சு வருது!"

"தங்கச்சிதான் பாக்குறா. அவ கொஞ்சம் நிதானம்," என்று அண்ணன் சிரித்து மழுப்பினார்.

"நிதானமா? ஆமையே வந்து சேர்ந்திருக்கும். ஆளை மாத்துங்க சார். இல்லேன்னா வேலைய வேற இடத்துல குடுத்துடுறேன்."

அண்ணனின் தலை ஆடியது. ஆம் என்றே ஆடியது.

கதவு திறந்திருந்தது. தங்கை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கற்ற கல்வியையும் ஈட்டிய பெயரையும் ஒரே தலையசைப்பில் விற்றுவிட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்காலியை விட்டு எழுந்தார். பொறியாளர் பக்கம் திரும்பினார்.

"சார்... குத்தம் அவ மேல இல்ல. நல்ல மெஷினை நான் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"தேரை உங்க வாசல்ல நிறுத்திட்டு, தங்கச்சிய நடக்க விட்டீங்களாக்கும்! சரி, ஓட்டச் சொல்லுங்க, பாப்போம்."

தங்கை அறைக்குள் வந்து யானையின் முன் அமர்ந்தாள். கணக்கிடும் மென்பொருளையே புதிதாய் ஏற்ற வேண்டியிருந்தது. அந்த யானையின் முதுகு அதுவரை ஒரு சுமையும் அறிந்ததில்லை. ஏற்றி முடித்தபின், பொறியாளரின் தேநீர் ஆறுவதற்குள் திரையில் பாலம் வளைந்தது, நிமிர்ந்தது, தாங்கியது. "இவங்களே முடிச்சுக் குடுக்கட்டும்," என்று அவர் விடைபெற்றார்.

அண்ணன் நாற்காலியை நெருங்கினார். "இனிமே இது உனக்குத்தாம்மா."

"பழைய மெஷினைக் குடுத்தீங்கன்னு எனக்கு வருத்தமே இல்லண்ணே." அவள் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "ஆளை மாத்துங்கன்னு அவர் சொன்னாரே... அப்போ தலைய ஆட்டினீங்களே."

அண்ணன் நாற்காலியை விட்டு ஓரடி பின்வாங்கினார். தம் சொந்த அறையில், அழையா விருந்தாளியைப் போல, எங்கே அமர்வதென்று தெரியாமல் நின்றார்.