எட்டு எம்.எம். என்பவள்

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. விலை படியாதவன் கடையை விட்டு இறங்கி நடப்பான். கடைக்காரர் உடனே கூப்பிடமாட்டார். லாரிகளை நிறுக்கும் எடைமேடை வரை போகவிடுவார். போகிறவன் தயங்கினால் வேண்டுமென்றே பேசாமலிருப்பார். அவன் தானாகத் திரும்புவான். தயங்காமல் நடந்தால் எடைமேடைக்கு முன்பே கூப்பிட்டாக வேண்டும். எடைமேடையைத் தாண்டியவனைக் கூப்பிட்டால், அப்புறம் அவன் சொல்வதுதான் விலை.

"தேவப்பிரியம் அண்ட் சன் ஸ்டீல்ஸ்" என்ற கடையில் அந்தக் கணிப்பைச் செய்துவந்தவர் தேவப்பிரியமும் அல்லர், அவருடைய மகனும் அல்லர். பில் மேசையில் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருக்கும் மகள் ஷெர்லின். வாங்க வந்த பார்ட்டி கடையை விட்டு இறங்கியதும் தகப்பனார் மேசைப் பக்கம் ஓரக்கண்ணால் பார்ப்பார். "வருவான்ப்பா" என்பாள், அவர் சும்மா இருப்பார். "வரமாட்டான், கூப்பிடுங்க" என்பாள், அவர் கூப்பிடுவார். கல்லூரி முடித்த நாள் முதல் அவள் செய்துவந்த இந்த வேலைக்குச் சம்பளம் இல்லை. மகளுக்கு எதற்குச் சம்பளம்? மகனுக்குக் கடையே இருக்கிறது. அவன் மாதவரத்தில் நண்பர்களோடு திரிந்தாலும் பெயர்ப்பலகையில் அமர்ந்திருக்கிறான்.

மனிதரின் பொய்யைப் படிக்கத் தெரிந்த அவள், கடை அடைத்தபின் அலைபேசியில் பணம் கட்டிப் போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடத் தொடங்கினாள். வாரத்தில் மூன்று மாலைகள். தோற்பதற்கு ஓர் எல்லை, அதற்குமேல் ஒரு ரூபாயும் கிடையாது. அவளுடைய வங்கிக் கணக்கு தகப்பனாரோடு கூட்டாக இருந்ததால், அண்ணன் எபினேசரின் பெயரில் பதிவு செய்தாள். அவனுடைய வரிக்கணக்கையும் வங்கிக் கணக்கையும் அவள்தான் பார்த்துவந்தாள், அவன் கேட்டதுமில்லை. ஆட்டத்தில் அவள் வைத்துக்கொண்ட பெயர் "எட்டு எம்.எம்.", கடையில் அதிகம் விற்கும் கம்பி.

சூதாட்டம் நன்றென்று இங்கே யாரும் வாதாட வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பை அணைத்த ஆட்டம் அது. ஆனால் தீமை என்றால் அது எல்லாருக்கும் தீமையாக இருக்க வேண்டும். மகள் தொட்டால் பாவமாகவும் மகன் பெயரில் வந்தால் பெருமையாகவும் மாறுகிற ஒன்றுக்கு ஒழுக்கம் என்று பெயர் வைக்க முடியாது.

ஆட்டத்தைவிட அவளை இழுத்தது ஒரு வலைப்பூ. "கடைசிச் சீட்டு" என்ற அதைப் பகலவன் என்பவர் எழுதிவந்தார். ஒவ்வோர் ஆட்டத்தையும் எடுத்துவைத்து, எங்கே யோசித்தோம், எங்கே அவசரப்பட்டோம் என்று அழகான தமிழில் அலசுவார். "சீட்டு யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை" என்று அவர் எழுதிய நாளில் அந்த வரியை அவள் மூன்று முறை வாசித்தாள். பின்னூட்டப் பகுதியில் எட்டு எம்.எம். எழுதியவற்றைப் பகலவன் தனிப் பதிவுகளாகவே எடுத்துப் போட்டார். கடைசியில், "அடுத்த மாதம் ராயபுரத்தில் வாசகர் சந்திப்பு. நீங்கள் வர வேண்டும். இனி வாரந்தோறும் உங்கள் சொந்தப் பெயரில் இங்கே எழுத வேண்டும்" என்று அழைத்தார்.

சொந்தப் பெயர். அவள் அதுவரை போட்ட ஆயிரக்கணக்கான பில்களில் ஒன்றில்கூட இல்லாத பெயர்.

அந்த வாரம் கடைக்கு ஒரு பெட்டி வந்தது. தேவப்பிரியம் பிரித்தார். உள்ளே ஒரு கண்ணாடிக் கேடயம்: மாதப் போட்டியில் முதலிடம், எபினேசர் தேவப்பிரியம்.

"ஏலே, இது என்னலே?"

எபினேசர் புரட்டிப் பார்த்தான், அடியில் போக்கர் கம்பெனியின் பெயர் இருந்தது. "எனக்கின்னா தெரியும்? நான் சீட்டு புடிச்சே பல வருசம் ஆவுது."

"நான்தான் ஆடுனேன்ப்பா," என்றாள் ஷெர்லின்.

தேவப்பிரியம் சபைக் கமிட்டியில் மூப்பர். சூதாட்டத்தைப் பற்றிப் போன மாதம்தான் ஆலயத்தில் அரைமணி நேரம் பேசியிருந்தார். "சீட்டா ஆடுத? ஒரு பொட்டப்புள்ள, யாரு எவன்னு தெரியாத ஆம்பளையளோட? நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சபையில நிக்க?" அலைபேசியைப் பிடுங்கிப் பெட்டகத்தில் பூட்டினார். அன்றிரவு வீட்டில் அவர் சாப்பிடவில்லை. அம்மா அடுப்படியில் இருந்தார், அடுப்படியிலேயே இருந்தார்.

மூன்றாம் நாள் எபினேசருக்குப் பெண் கொடுக்க விரும்பும் தூத்துக்குடிக்காரர் கடைக்கு வந்தார். பில் மேசையில் கிடந்த கேடயத்தைக் கையில் எடுத்தார்.

"மாப்பிள்ள பேருல்லா போட்டிருக்கு? என்ன போட்டி?"

ஷெர்லினின் பேனா நின்றது. தேவப்பிரியம் தொண்டையைச் செருமினார்.

"அது... மூளைக்கு உண்டான விளையாட்டு. கம்ப்யூட்டர்ல. இந்தியா பூரா ஆடுதாவ. நம்ம பயலுக்குக் கணக்குல நல்ல புத்தி. கர்த்தர் குடுத்தது."

"அப்ப தூத்துக்குடியில நம்ம கடையையும் அவன் ஒரு கை பாப்பான்னு சொல்லுங்க," என்று சிரித்தார் வந்தவர்.

ஒரே கேடயம். ஒரே ஆட்டம். பாவம் எந்த வழியாக வெளியேறிற்று, ஆசீர்வாதம் எந்த வழியாக உள்ளே வந்தது? இடையில் மாறியது ஒன்றே ஒன்றுதான்: ஆடியது யார் என்ற செய்தி. மாலைக்குள் கேடயம் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஏறியது. பூட்டிய அலைபேசியும் வெளியே வந்தது, அண்ணனுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக. அதிலிருந்த பகலவனின் அழைப்பைத் தேவப்பிரியம் படித்தார்.

"ராயபுரத்துக் கூட்டத்துக்கு அவன் போவட்டும். பொண்ணு வீட்டுல போட்டோ கேப்பாவ. நீயும் கூடப் போ. எதும் கேட்டா எடுத்துக் குடு."

அவள் ஒப்புக்கொண்டாள். அங்கே வருகிறவர்கள் வாசகர்கள். எழுத்தைக் கொண்டு ஆளை அறிகிறவர்கள். வீட்டில் மறுக்கப்பட்டதை அவர்கள் மறுக்கமாட்டார்கள் என்று நம்பினாள்.

ராயபுரம் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு பிரியாணிக் கடையின் மாடி. இருபது பேர், எல்லாரும் ஆண்கள். காசில்லாமல் ஆடுவதற்கு இரண்டு மேசைகளில் சீட்டுக்கட்டுகள் வைத்திருந்தார்கள். இன்னும் வர வேண்டியிருந்தவர் எட்டு எம்.எம். மட்டும்தான். இருவரும் படியேறி வந்ததும் பகலவன் எழுந்துவந்து எபினேசரைக் கட்டிக்கொண்டார்.

"சார், எட்டு எம்.எம். சார். ஒன்னே ஒன்னு கேக்கணும். கையில ரெண்டு ராஜா. அவ்ளோ நல்ல சீட்டை வச்சிக்கிட்டே ஒரு நாள் ஆட்டம் வேணாம்னு கீழ போட்டீங்களே. ஏன்?"

எபினேசர் சிரித்தான். தலையைச் சொறிந்தான். தங்கையைப் பார்த்தான்.

ஷெர்லின் சொன்னாள்: "எதிர்ல ஆடுனவரு எப்பவும் பெருசா பணம் கட்டறவரு. அன்னைக்கு மட்டும் சின்னதா கட்டுனாரு. ஆளைக் கடைய வுட்டு எறங்க வுடக்கூடாதுன்னு நெனைக்கிறவர்தான் அப்படிக் கட்டுவாரு. கையில நல்ல சரக்கு இருந்திருக்கு. நான் எறங்கிட்டேன்."

பகலவன் வியந்து தலையசைத்தார். பிறகு எபினேசரின் தோளைத் தட்டினார்.

"தங்கச்சிக்கு நல்லாவே சொல்லிக்குடுத்திருக்கீங்க சார்."

"அண்ணனுக்கு ஆட்டமே தெரியாது," என்றாள். "ஆடுனது நான். உங்க வலைப்பூவுல எழுதுனதும் நான்தான். எம் பேரு ஷெர்லின்."

சிலர் சிரித்தார்கள். ரஞ்சித் என்ற காசிமேட்டு இளைஞன், "மாமு, ஒன் தங்கச்சி சோக்கா கலாய்க்குது" என்றான்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். "சொல்லு."

எபினேசர் தரையைப் பார்த்தான். "அவ எப்பவும் இப்டித்தான். தமாசு பண்ணிக்கினே இருப்பா."

பகலவன் நல்லவர். அதனால் சமாதானம் பேசினார். "கோச்சிக்காதம்மா. நீதான்னா ஒக்காரு. ஒரு ஆட்டம் போட்டுப் பாத்துடலாம்."

"அவரை ஒக்காரச் சொன்னீங்களா?"

"இல்ல..."

"அவரு பேரைக்கூடச் சொல்லல. வந்து நின்னாரு, நம்பிட்டீங்க. நான் பேரைச் சொன்னா எனக்குப் பரீட்சை வெக்கிறீங்க. சீட்டு மூஞ்சியப் பாக்காதுன்னு எழுதுனீங்களே சார். அதை எழுதுனதாவது நீங்கதானா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

திருவொற்றியூர்ப் பேருந்தில் நின்றபடியே அந்தப் போக்கர் கணக்கை நிரந்தரமாக மூடினாள். வென்றவை அண்ணன் வங்கிக் கணக்கில் கிடந்தன, கிடக்கட்டும். எட்டு எம்.எம். என்று இனி யாரும் இல்லை. பெயர் தங்களுடையதென்று சொன்னவர்கள் வைத்துக்கொள்ள ஒரு கண்ணாடித் துண்டு அலமாரியில் இருந்தது.

மறுநாள் ஞாயிறு. ஆலயத்திலிருந்து திரும்பிய தகப்பனாரிடம் நின்று பேசினாள்.

"எனக்குச் சம்பளம் வேணும்ப்பா. போர்டுல எம் பேரும் வேணும். இல்லன்னா நாளையில இருந்து நான் பொன்ராஜ் கடைக்கு வேலைக்குப் போறேன். பேசிட்டேன்."

பொன்ராஜின் கடை எடைமேடைக்கு அந்தப்புறம் இருந்தது. தேவப்பிரியத்தின் பார்ட்டிகளை இருபது ஆண்டுகளாக இழுக்கப் பார்ப்பவர் அவர்.

தேவப்பிரியம் அடுப்படிப் பக்கம் திரும்பிச் சிரித்தார். "சும்மா சொல்லுதா. சொந்தக் கடைய விட்டுட்டு எங்க போவா?"

திங்கட்கிழமை காலை. லாரிகள் வரிசையில் நின்று உறுமின. தேவப்பிரியம் கடை வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். ஷெர்லின் கைப்பையோடு வந்தாள். படியேறவில்லை. "வர்றேன்ப்பா" என்று சொல்லிவிட்டு எடைமேடையை நோக்கி நடந்தாள்.

முப்பது ஆண்டுகளாக அவர் எத்தனை முதுகுகளைப் பார்த்திருக்கிறார். இந்த முதுகு தயங்குகிறதா இல்லையா? பழக்கத்தில் கண் பில் மேசைப் பக்கம் போயிற்று. வருவாளா, கூப்பிடவா என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. எபினேசர் இன்னும் எழுந்திருக்கவில்லை. நாற்காலி காலியாக இருந்தது.

அவர் பேசாமல் இருந்தார். பேசாமலிருப்பதுதான் வியாபாரம் என்று இருந்தார். அவள் எடைமேடையின் இரும்புத் தகட்டில் ஏறினாள், நடந்தாள், அந்தப் பக்கம் இறங்கினாள்.

"ஏட்டி ஷெர்லின்."

சந்தை முழுவதும் கேட்டது. கடைகளில் தலைகள் திரும்பின. அந்தப் பெயரை அத்தனை உரக்க அங்கே யாரும் சொன்னதில்லை.

பொன்ராஜ் மூலம் விஷயம் தெரிந்திருந்த எடைக்காரர் மனோகரன் எடைமேடைக் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "பாப்பா, நைனா கூப்புட்றாரு. காதுல வுழுதா இல்லியா?"

"வுழுதுண்ணா."

"சம்பளம் குடுத்துடுவாரு போல கீது. போர்டுகூட மாத்துவாரு. திரும்பிப் பாரேன்."

"நீங்களே பாத்தீங்கல்ல. தாண்டிட்டேன்."

பொன்ராஜ் கடையில் புதிய பில் புத்தகம் ஒன்று மேசைமேல் இருந்தது. உட்கார்ந்தாள். முதல் பார்ட்டி விலை கேட்டான், முகத்தைச் சுளித்தான், இறங்கி நடந்தான். பொன்ராஜ் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"வரமாட்டான்," என்றாள் ஷெர்லின். "இப்பவே கூப்பிடுங்க."