ஃபேன் ஓடாத அறை

குடும்பத்துக்கே வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவின் அறையில் கால் வைத்ததும் சிட்டு வழக்கம்போல வீல் வீலென்று கத்தினாள். நாலு வயதாகியும் பேச்சு வராத மகளை இறுக்கிப் பிடித்த அம்மாவுக்கு மானம் போயிற்று.

“ஊசின்னா பயம், டாக்டரம்மா. அதோட அடம். நான்தான் செல்லம் குடுத்துக் கெடுத்துட்டேனாம்.”

“என் கையில ஊசியே இல்லையே.”

டாக்டரம்மா குழந்தையின் கண் போன திசையில் அண்ணாந்து பார்த்தார். கிழட்டு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் அணைத்தார். கத்தல் மெல்லத் தேய்ந்து அடங்கியது.

“அடம் இல்லம்மா. நமக்கு அது கடகட. இவளுக்குக் காதைப் பிளக்குது. சொல்ல வார்த்தை இல்ல, கத்துறா.”

சொந்தபந்தமெல்லாம் கரித்துக்கொட்டியபோது கல்லாக நின்ற அம்மா, இப்போது உடைந்து அழுதாள்.

சிட்டுவைச் சேர்க்கச் சொல்லிப் பேச்சுப் பயிற்சி மையத்துக்கு டாக்டரம்மா தானே ஃபோன் போட்டார். “அவ வரும்போது ஃபேனை நிறுத்தி வைங்க. முடியாதா? அப்ப வேற இடத்துக்கு அனுப்பறேன்,” என்று ஒரு போடு போட்டார். மறுமுனை வழிக்கு வந்தது.

அதன்பின் சளியோ காய்ச்சலோ, சிட்டு வந்தால் அந்த அறையில் புழுக்கம்தான். தொப்பலாக நனைந்தபடியே டாக்டரம்மா அவளைப் பார்ப்பார்.

ஒருநாள், வழியும் வியர்வையைப் புறங்கையால் துடைத்தவரைச் சிட்டு வெகுநேரம் வெறித்தாள். அப்புறம் அம்மாவின் இரண்டு கைகளையும் இழுத்துத் தன் காதுகளின்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

மோவாயை நீட்டி ஃபேன் சுவிட்சைக் காட்டினாள்.