ஏழில் ஐந்து சாவி

அண்ணன் உள்ளே வந்ததும் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே, அந்தப் பதிவை மாற்று என்றார்.

அவர் வாடகைக் கார் கம்பெனி முதலாளி. அவரிடம் வண்டி ஓட்டிய ஒருவன் தூக்கக் கலக்கத்தில் பாலத்துச் சுவரில் மோதிச் செத்துப்போனான். முந்தின நாள் காலையிலிருந்து அவனை இறங்கவே விடாமல் சவாரிக்கு மேல் சவாரி கொடுத்து விரட்டியது கம்பெனியின் சவாரிப் பதிவில் அப்படியே இருந்தது. செத்தவன் மனைவி அதை நம்பித்தான் வழக்குப் போட்டிருந்தாள். அந்தப் பதிவு மென்பொருளை எழுதியவள் தங்கை.

"நான் நெனச்சாலும் முடியாதுண்ணே. எல்லா டிரைவர் போன்லயும் ஒரு பிரதி இருக்கு. ஒண்ணுல கை வெச்சா மத்ததெல்லாம் காட்டிக் குடுத்துடும். திருத்தம் போடணும்னா ஏழு சாவியில அஞ்சு சேரணும். ஏழும் டிரைவருங்ககிட்ட இருக்கு."

"எழுதினவ நீ. பின்பக்கமா ஒரு வழி வெச்சிருக்க மாட்டியா?"

"வெச்சிருந்தா இன்னைக்கு நீ அதுல நுழைஞ்சிருப்பே. அதான் வெக்கல."

"உன்னைப் படிக்க வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்!" கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். அவள் மனசுக்குள் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டாள்.

மகராசி எல்லா வகைத் திருடனையும் யோசித்திருந்தாள். சோம்பேறியை மட்டும் யோசிக்கவில்லை. சாவி என்பது விரல் நீளப் பென்டிரைவ். ஒருவர் அதைச் சட்டையோடு துவைத்தார், இன்னொருவர் வீட்டில் குழந்தை கடித்து வைத்தது. இதெல்லாம் நமக்கு எதற்கு வம்பு என்று மீதி ஐந்து பேர் தங்கள் சாவியை ஷெட் மேஸ்திரியிடமே கொடுத்து வைத்துவிட்டார்கள். மறந்துபோகும் என்று ரகசிய எண்ணையும் பிளாஸ்திரியில் எழுதி அதன் மேலேயே ஒட்டியிருந்தார்கள். அண்ணன் ஷெட்டுக்குப் போய் மேஸ்திரியின் டிராயரைத் திறக்கச் சொன்னார். சம்பளம் வாங்குகிற மனுஷன், திறந்தார்.

செத்தவன் முந்தின நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று பதிவில் திருத்தம் விழுந்தது. தங்கை பதறியடித்து ஷெட்டுக்கு ஓடினாள். "என்னை இதுல இழுக்காதீங்கம்மா," என்று கையெடுத்துக் கும்பிட்டார் மேஸ்திரி. டிராயர் காலியாக இருந்தது.

விசாரணை அறையில் அவள் ஒன்றையாவது காப்பாற்றினாள். திருத்தம் போட்டாலும் பழைய வரி அழியாது, புதிய வரி அதற்குக் கீழேதான் உட்காரும் என்று திரையில் காட்டினாள். அதிகாரி இரண்டையும் படித்தார். செத்தவன் மனைவி தலை நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இவளுக்குக் கண் கலங்கியது.

"திருத்தம் போட்டது யாரு?" என்றார் அதிகாரி.

திரையில் ஐந்து டிரைவர்களின் பெயர் இருந்தது.

"சாவி இல்லாம இந்தக் கையெழுத்தைப் போட முடியுமா?"

"முடியாது சார். ஆனா சாவிங்க..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

அண்ணன் உச்சுக் கொட்டினார். "எனக்கே இப்பதான் தெரியுது சார். செத்தவன் மேல இவங்களுக்கு என்ன பகையோ!" மேஸ்திரி குனிந்த தலை நிமிரவில்லை. பொய்ப் பதிவு போட்டதாக ஐந்து பேர் மீதும் தனி விசாரணைக்கு உத்தரவானது.

வெளியே தாழ்வாரத்தில் ஐவரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பெருங்குரலால் ஹாரன் என்று பேர் வாங்கியவர்தான் முதலில் கத்தினார். "எல்லார் போன்லயும் எங்களைத்தான் காட்டுது! இங்கயே வண்டி ஓட்டற என் மருமகன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? நாங்க போடலைன்னு அதுலயே ஒரு வரி எழுதும்மா!"

"எழுதறதுக்கு அஞ்சு சாவி வேணும்."

"அது உங்கண்ணன் பாக்கெட்ல இருக்கு. எங்களுக்கு வேற சாவி குடு."

"வேற சாவி சேக்கணும்னாலும் அந்த அஞ்சுதான் சேரணும்."

"எந்தப் படுபாவி அப்படி எழுதி வெச்சான்?"

அவமானத்தில் அவளுக்கு முகம் எரிந்தது. "நான்தான்," என்றாள்.