நான்கு மீட்டர்

எங்கள் ஆய்வு மையத்தின் தாழ்வாரத்தில், தரையில் இரண்டு மஞ்சள் கோடுகள் ஒட்டியிருக்கும். நடுவில் நான்கு மீட்டர். எழுபது வயதைத் தாண்டியவர்கள் ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு, வீட்டில் நடப்பதுபோல நடக்க வேண்டும். நான் ஸ்டாப்வாட்ச் பிடிப்பேன். இதற்கெல்லாம் ஒரு வேலையா என்று என் நாத்தனார் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். பதினொரு வருடம் பிடித்தவள் சொல்கிறேன், ரத்தப் பரிசோதனை சொல்லாததை அந்த நான்கு மீட்டர் சொல்லிவிடும். ஐந்து விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களின் கோப்புகள்தான் எங்கள் அலமாரியில் முதலில் கீழ்த்தட்டுக்குப் போகும். கீழ்த்தட்டு என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம்.

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. சாப்பிடும்போது அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து அன்றைய கதையெல்லாம் சொல்வேன். "இன்னிக்கு ஒருத்தர் ஆறரை செகண்ட். அவ்வளவுதான், மூணு வருஷம் தாண்டாது" என்பேன். அப்பா தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவார். பள்ளிக்கூடத்தில் முப்பத்தெட்டு வருடம் டிரில் மாஸ்டராக இருந்தவர். விநாடிக் கணக்கு அவருக்குப் புதிதா என்ன என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் மையத்தில் யாரும் எழுதிவைக்காத ஒரு பழக்கம் உண்டு. கட்டைவிரல் தர்மம் என்போம். மனதுக்குப் பிடித்த ஒருவர் தள்ளாடினால், ஆரம்பக் கோட்டில் பொத்தானைக் கொஞ்சம் தாமதமாக அழுத்துவது. எண் நன்றாக வரும், மனிதர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார். இதைத் தொடங்கிவைத்த புண்ணியவதி நான்தான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இந்த வருடம் புதுத் திட்டம் ஒன்று வந்து எல்லாம் தலைகீழானது. ஐந்து விநாடி தாண்டியவர்களின் வீட்டுக்கு வாரம் மூன்று நாள் ஒரு பயிற்சியாளர் போவார். காலுக்குப் பலம் வர உடற்பயிற்சி, தலைசுற்ற வைக்கும் மாத்திரைகளைப் பார்த்துக் குறைப்பது என்று ஆறு மாதம் கவனிப்பார்கள். ஐந்துக்குள் வந்தவர்களுக்கு ஒரு நன்றிக் கடிதம், அதோடு சரி. அன்றைக்கே என் கட்டைவிரலுக்குக் கடிவாளம் போட்டுவிட்டேன்.

அப்பாவையும் ஆய்வில் சேர்த்தேன். வீட்டு ஆட்களை நாமே அளக்கக் கூடாது என்பது விதி. அதனால் தராசு அளந்தாள். என்னோடு வேலை செய்பவள், முதலில் எடை பார்க்கும் வேலையில் சேர்ந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மாலையில் தாளைப் பார்த்தேன். நான்கு புள்ளி ஆறு.

அப்படி வர வாய்ப்பே இல்லை. எங்கள் வீட்டில் குளியலறைக் கதவிலிருந்து அப்பாவின் நாற்காலி வரை ஏறக்குறைய அதே நான்கு மீட்டர்தான். தினமும் மனதுக்குள் எண்ணுகிறேன், எண்ணாமல் இருக்க முடியவில்லை. போன மாதம் ஆறரை. இப்போது ஏழு. பாதி வழியில் அவர் விரல் நுனி சுவரைத் தேடும். சுவரில் அந்த உயரத்தில் அழுக்காக ஒரு கோடு விழுந்திருக்கிறது. துடைத்தாலும் ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிடும்.

மறுநாள் தராசைச் சாப்பாட்டு அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"எங்கப்பாவுக்கு எதுக்குடி தர்மம் பண்ணே? வெள்ளிக்கிழமை பயிற்சி லிஸ்ட்டை மூடறாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா." அவள் டப்பாவைத் திறக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவருதான் கெஞ்சினாரு. கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'அஞ்சுக்கு மேல போச்சுன்னா என் பொண்ணு என்னை உயிரோட பார்க்க மாட்டாம்மா, செத்தவனாத்தான் பார்ப்பா'ன்னாரு. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

அவள் டப்பாவை நானே திறந்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

நேராக, ஆய்வை நடத்தும் பெரிய டாக்டரின் அறைக்குப் போனேன். அப்பாவின் எண் பொய் என்றேன். பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது நான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எத்தனை பேருக்கு இப்படிப் பண்ணீங்க?"

"கணக்கு வச்சுக்கலை சார்."

கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "நாளைக்குக் காலையில உங்க அப்பாவைக் கூட்டிட்டு வாங்க. நானே பார்க்கிறேன். மத்ததை அப்புறம் பேசுவோம்."

அந்த 'அப்புறம்' என் வேலைக்கு வைத்த வேட்டு. தெரியாமல் இல்லை. போனால் போகட்டும், அப்பாவுக்கு அந்தப் பயிற்சியாளர் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். "அப்பா, நாளைக்கு உள்ளபடி நடங்க. மெதுவா வந்தாத்தான் நமக்கு நல்லது. வீட்டுக்கே ஆள் வருவாங்க."

"சரி."

"சாப்பிடும்போது நான் சொன்னதெல்லாம் சும்மா பேச்சுப்பா."

"பதினோரு வருஷமா சும்மாவா பேசினே?" என்றார். கோபம் இல்லை. தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "மூணு வருஷம்னியே பாப்பா. அது எதிலேர்ந்து எண்ணணும்? அளந்த நாள்லேர்ந்தா?" என்றார்.

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய வெள்ளைக் கேன்வாஸ் ஷூவை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

காலையில் அந்த ஷூவோடுதான் வந்தார். டாக்டர் மறு கோட்டின் பக்கம் நின்றார். நான் தள்ளி, சன்னல் ஓரமாக நின்றேன்.

"அவசரமே இல்லை சார். வீட்டுல நடக்கிற மாதிரி நடங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் தோளை விறைத்து, மூச்சை இழுத்துப் பிடித்தார். விசிலுக்காகக் காத்திருக்கும் பையன்கள் அப்படி நிற்பார்கள். பிறகு நடந்தார். குதிகால் டக் டக்கென்று தரையில் விழுந்தது. பக்கத்திலேயே சுவர் இருந்தும் கை அதன் பக்கம் போகவே இல்லை.

நான்கு புள்ளி நான்கு. இரண்டு தடவை நடக்கவைத்து நல்லதை எழுத வேண்டும். இரண்டாவது தடவை நான்கு புள்ளி மூன்று.

"வீட்டுல ஏழு செகண்ட் ஆகுது சார்" என்றேன். "தினமும் எண்ணறேன்."

"நான் பார்த்ததைத்தான்மா நான் எழுத முடியும். தராசு அளந்ததைவிட நல்லாவே நடக்கிறாரு." அவர் கையெழுத்துப் போட்டார். "பதினோரு மணிக்கு என் ரூமுக்கு வாங்க. பழைய ஃபைலையெல்லாம் எடுத்துட்டு வாங்க."

என் மேல் எனக்கே ஆத்திரம் பொங்கியது. கட்டைவிரல் பொய்யைக் கண்டுபிடித்தாகிவிட்டது. அப்பா காலால் சொன்ன இந்தப் பொய்யை எந்த ஸ்டாப்வாட்சும் கண்டுபிடிக்காது. இதையும் கற்றுக்கொடுத்தது நான்தான், தினமும் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து.

அப்பா இன்னும் மறு கோட்டைத் தாண்டி, போன இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். முதுகு எனக்குத் தெரிந்தது.

"வாங்கப்பா, போலாம்."

"வரேன்." கால் எழவில்லை. சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. "அந்த டாக்டர் போயிட்டாரா பாரு."

தாழ்வாரத்தின் கோடியில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"போயிட்டாருப்பா."

"இப்பப் பிடிச்சுக்கோ" என்றார்.

ஓடிப்போய்ப் பிடித்தேன். அவர் எடை முழுவதும் என்மேல் இறங்கியது.