சுருள்வால் செல்லி

பெயிண்டருக்குக் கை நடுங்காது. கார்க் கதவில் விழுந்த கீறலை மறைக்கச் சொன்னால் பட்டி போட்டு, தேய்த்து, ப்ரைமர் அடித்து, மேலே நிறத்தை ஏற்றி, "எங்கேய்யா கீறல் இருந்தது?" என்று வண்டிக்காரரையே தேட வைத்துவிடுவான். ஆனால் நாலு பேர் சேர்ந்து சிரித்துவிட்டால் போதும், ஆளுடைய முதுகெலும்பு எங்கே போய் ஒளியுமோ தெரியாது. நல்லவன், உழைப்பாளி, தண்ணி, சிகரெட் கிடையாது. கேலிக்கு மட்டும் பயம். அப்படிப்பட்டவனை நம்பி அவன் தங்கை ஒன்றைக் கொடுத்து வைத்திருந்தாள்.

என்ன என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஃபோனுக்குள் இருக்கும் ஒரு பிராணி. காடு மேடெல்லாம் திரிந்து விதவிதமான பிராணிகளைப் பிடித்து, தீனி போட்டு வளர்த்து, அடுத்தவனுடைய பிராணியோடு மோத விடுகிற விளையாட்டு அது. சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்றுதான் பெயர். ஆனால் சாப்பாட்டு வேளையில் அவன் வேலை செய்கிற ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ப் பாருங்கள். மீசை வைத்த ஆண்பிள்ளைகள் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு, ஒரு கையில் சோற்றுப் பருக்கையோடு, மறு கையில் ஃபோனோடு, "அடி, அடி, விடாத!" என்று கத்திக்கொண்டிருப்பார்கள்.

இந்த விளையாட்டில் பிராணிகளுக்கு ஆண் பெண் உண்டு. முதன்முதலாக ஆட்டத்தைத் தொடங்கும்போது நீர்க்குட்டி என்றொரு பிராணியைக் கையில் கொடுப்பார்கள். அது பெரும்பாலும் ஆணாகத்தான் வரும். ஆணுக்குத் தலையில் இரண்டு கொம்பு. பெண் அபூர்வம். வால் நுனியில் ஒரு சுருள் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பலத்தில் இரண்டும் ஒன்றே.

தங்கைக்குப் பெண்தான் வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால், ஒரு விடுமுறை நாள் முழுவதும் ஆட்டத்தை அழிப்பதும் மறுபடி தொடங்குவதுமாக உட்கார்ந்திருந்தாள். "சீ, இதுவும் தடியனா!" என்று ஒவ்வொரு தடவையும் சலித்துக்கொள்வாள். பக்கத்தில் உட்கார்ந்து பெயிண்டர் சிரிப்பான். சாயங்காலம் சுருள் வாலோடு ஒன்று வந்து நின்றபோது அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார். அதற்குச் செல்லி என்று பெயர் வைத்தாள்.

கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகும் முன் அதை அண்ணன் ஃபோனுக்கு மாற்றினாள். "அங்க போனா எனக்கு விளையாட நேரம் கிடைக்குமோ என்னமோ. நீ வச்சுக்கோ. ஆனா அவளை யாருக்கும் குடுத்துடாத" என்றாள். "போடி, ஃபோன்ல இருக்கறதுக்கு இவ்வளவு பத்திரமா?" என்று அவன் சொன்னாலும், சொன்னபடி பார்த்துக்கொண்டான். அவளும் தினம் ஒரு தடவை அங்கிருந்து செல்லிக்குத் தீனி அனுப்புவாள். அந்த விளையாட்டில் அப்படி ஒரு வசதி, முதலில் வளர்த்தவர் எங்கிருந்தாலும் அனுப்பலாம். தீனி வந்ததும் செல்லி வாலை ஆட்டும். அதைப் பார்த்தாலே தங்கை நன்றாக இருக்கிறாள் என்று இவனுக்கு நிம்மதி. மூன்று வருடமாக இதுதான் அவர்களுக்குள் கடிதம், விசாரிப்பு எல்லாம்.

இப்போது அவளுக்கு ஆறு மாதம். புகுந்த வீட்டில் மாமியாரும் மாப்பிள்ளையும் ஆண் குழந்தை என்றே முடிவு கட்டி, நீல நிறத்தில் தொட்டில் துணிகூட வாங்கிவிட்டார்கள். போன வாரம் ஃபோனில் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"அண்ணா, சொல்லக் கூடாதுதான், ஆனா ஸ்கேன் பண்ற அக்கா பொண்ணுன்னு காதோட சொல்லிட்டாங்க. இன்னும் வீட்ல சொல்லல."

"அட! செல்லியே வந்துட்டாளா!" என்றான் அவன்.

அவள் சிரித்தாள். சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. "அத்தை மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாங்க. அவரும் அப்படித்தான். ஞாயித்துக்கிழமை சொல்லலாம்னு இருக்கேன். உன்னைத்தான் சொல்லப் போறேன். எங்க அண்ணனைப் பாருங்க, நான் குடுத்த பொம்மைப் பொண்ணையே மூணு வருஷமா கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கறான், என் பொண்ணை விட்டுடுவானான்னு கேக்கப் போறேன். நீ ஒருத்தன்தான் என் கட்சி."

"நான் இருக்கேன்டி. தைரியமா சொல்லு" என்றான் பெயிண்டர். நெஞ்சைத் தொட்டுத்தான் சொன்னான்.

அந்த நெஞ்சுக்கு வந்த சோதனையைக் கேளுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் ஒடுக்கு எடுக்கிறவனுக்கு டிங்கர் என்று பெயர். சுத்தியலும் அவனும் ஒன்று, இரண்டுக்கும் சத்தம் அதிகம். சாப்பாட்டு வேளை ஆட்டத்துக்கு அவன்தான் தலைவன். எதிர்த் தெரு ஒர்க்‌ஷாப்போடு பந்தயம் பேசி வைத்திருந்தான். அதற்குச் சில நாள் முன்பு, பழகுவதற்காக ஆடியபோது, டிங்கரின் கொம்பன் ஒன்றைச் செல்லி மூன்றே அடியில் சாய்த்துவிட்டது. எலக்ட்ரீஷியன் விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணே, பொம்பளை கையால அடி வாங்கிட்டீங்களே!" அன்றிலிருந்து டிங்கருக்கு வயிற்றெரிச்சல். தோற்றதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் சமயம் பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை சாப்பாட்டு வேளையில் அவன் எல்லோருடைய ஃபோனையும் வாங்கிப் பார்த்தான். அணி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறானாம். பெயிண்டரின் ஃபோனில் வந்ததும் நின்றுவிட்டான்.

"இது என்னடா, வால்ல ரிப்பன் கட்டி வச்சிருக்க?"

"ரிப்பன் இல்லண்ணே, சுருள்."

"ஏதோ ஒண்ணு. பொட்டைதானே? செல்லியாம் செல்லி! ராத்திரி பக்கத்துல படுக்க வச்சு தாலாட்டுப் பாடுவியோ?"

சிரிப்பு எழுந்தது. எலக்ட்ரீஷியன், வண்டி கழுவுகிற வாட்டர் சர்வீஸ்காரன், ஸ்டோர்காரர், எல்லோருமே சிரித்தார்கள். பெயிண்டரின் காது சூடானது. "நல்லாத்தானே அடிக்குது, உங்க கொம்பனையே சாய்ச்சுதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிரிப்பு அப்படியே டிங்கர் பக்கம் திரும்பியிருக்கும். அந்த வார்த்தை அவன் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்தது வாயை விட்டு இறங்க வேண்டாமா? அதற்குப் பதில் வேறொன்று இறங்கியது.

"ஐயோ, அது என்னோடது இல்லண்ணே. தங்கச்சி வச்சுட்டுப் போன குப்பை."

"குப்பைன்னா கூட்டித் தள்ளு. நம்ம டீம்ல பொட்டை கிடையாது. எதிர்த் தெருக்காரன் பாத்தா மானம் போயிடும். இப்பவே விடு, என் கண்ணு முன்னால."

"அப்புறமா விடறேன்."

"பாத்தியா, பாத்தியா! மனசு வரல ஆளுக்கு!" என்று டிங்கர் கை கொட்டினான். கிண்டல் தொடங்கியதிலிருந்தே எலக்ட்ரீஷியன் ஃபோனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டிருந்ததைப் பெயிண்டர் அப்போதுதான் பார்த்தான்.

காட்டில் விட்டுவிட்டால் திரும்பக் கிடைக்காது. அதனால் விளையாட்டே இரண்டு தடவை கேட்கும். நிச்சயமாகவா என்றது. பெயிண்டர் அழுத்தினான். மறுபடி யோசித்துக்கொள், உண்மையிலேயே விட்டுவிடவா என்றது. சுற்றிலும் ஆட்கள் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். பேசாமல் அழுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. படம் எடுக்கிறார்கள் என்றதும், தான் மற்றவர்களைவிடப் பெரிய ஆண்பிள்ளை என்று காட்ட வேண்டுமென்று தோன்றிவிட்டது பாவிக்கு.

"பொட்டையை வச்சுக்கிட்டு என்ன பண்றது, தொலையட்டும்!" என்று உரக்கச் சொல்லி, அழுத்தினான்.

செல்லி கொஞ்ச தூரம் நடந்து போனது. புல் ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. விட்டுவிடும் எல்லாப் பிராணியும் அப்படித் திரும்பும், அது விளையாட்டில் போட்டு வைத்திருக்கிற படம்தான். அவனுக்கு அது தெரியும். தெரிந்தும் அது புல்லுக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் கை தட்டினார்கள். அவனும் சிரித்தான். சிரித்ததுதான் அவனுக்குப் பின்னால் எல்லாவற்றையும்விட அசிங்கமாகப் பட்டது.

மதியத்துக்கு மேல் ஒரு வெள்ளைக் காரின் பானெட்டுக்கு நிறம் அடித்தான். வழக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. பெயிண்ட் அடிக்கும் துப்பாக்கியை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு எதையோ யோசித்து நின்றதில் பெயிண்ட் வடிந்து இறங்கிவிட்டது. முழுவதையும் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. என்ன ஆச்சு உனக்கு என்று சூப்பர்வைசர் கேட்டார். மாஸ்க்குக்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தான். அந்த மாஸ்க்கைக் கழற்றவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. முகத்தில் எழுதி ஒட்டியிருப்பதுபோல் ஓர் எண்ணம்.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது தங்கையிடமிருந்து செய்தி வந்தது. "அண்ணா, செல்லிக்குத் தீனி அனுப்பினா போக மாட்டேங்குது. ஏன்?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுதத் தொடங்கினான். அழித்தான். மறுபடி எழுதினான். கடைசியில், "சர்வர்ல ஏதோ பிரச்சினையாம். ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று அனுப்பினான். அவள் உடனே, "சரி அண்ணா, நல்லவேளை, பயந்துட்டேன். நாளைக்கு வீட்ல சொல்லப் போறேன், வேண்டிக்கோ" என்று பதில் போட்டாள். பக்கத்து சீட்டில் ஒரு அம்மாள் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அது இவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. இவன் அதன் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஞாயிறு முழுவதும் ஃபோன் வரவில்லை. இவனும் கூப்பிடவில்லை. சொன்னாளா, என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளத் துடித்தான். ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? ஒரு வேலை செய்தான். விளையாட்டைப் புதிதாகத் தொடங்கி, பெண் வருகிறதா என்று பார்த்தான். கொம்பு, மறுபடி கொம்பு, அதற்கப்புறமும் கொம்பு. வந்தாலும் அது செல்லி ஆகுமா என்று நினைத்ததும் ஃபோனை மெத்தையில் எறிந்துவிட்டான்.

திங்கள் சாப்பாட்டு வேளையில் அவள் பெயர் ஃபோனில் ஒளிர்ந்தது. எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து நாலடி தள்ளிப் போய் எடுத்தான்.

"சாப்பிட்டியா அண்ணா?"

"ம். நீ?"

"ஆச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "செல்லி விளையாட்டு ஆடற எல்லா ஊர்க்காரங்களும் இருக்கற குரூப்ல ஒரு வீடியோ வந்துது. இவரும் அந்த குரூப்ல இருக்காரு."

அவன் திரும்பி எலக்ட்ரீஷியனைப் பார்த்தான். எலக்ட்ரீஷியன் அதை ஊருக்கே போட்டுக் காட்டுவான் என்று யோசிக்கவே இல்லை.

"நேத்து எல்லாரும் சாப்பிட உக்காந்தப்ப பொண்ணுன்னு சொன்னேன். அத்தை எழுந்து போயிட்டாங்க. நான் உன்னைப் பத்திச் சொன்னேன், எங்க அண்ணன் இருக்கான்னு. இவரு ஃபோனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டு என் முன்னால வச்சாரு. 'இவனா?'ன்னு கேட்டாரு."

"இல்லடி, அது... பசங்க சும்மா கிண்டல் பண்ணாங்க. நான் வேணும்னு..."

"தெரியும் அண்ணா. உன்னை எனக்குத் தெரியாதா? அது போனதுக்கு நான் அழல. ஒரு பொம்மை." அழவில்லை என்றவளின் குரல் உடைந்தது. "என்னோடது இல்லைன்னு சொன்ன பாரு, அதைத்தான் மறுபடி மறுபடி கேட்டேன். அண்ணா, நாளைக்கு என் பொண்ணு மாமா மாமான்னு வந்து உன் கழுத்தைக் கட்டிக்கும். அப்ப இவங்க எல்லாம் சுத்தி நின்னு சிரிச்சாங்கன்னா, யாரோடதுன்னு சொல்லுவ?"

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் பின்னாலிருந்து டிங்கர் கத்தினான், "யார்ரா அது ஃபோன்ல, நாம விரட்டின பொட்டையா? திரும்பி வரேங்குதா?" டயர் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் ஓவென்று சிரித்தார்கள். ஃபோனில் அவளுக்கும் அது கேட்டிருக்கும். அவள் காத்திருந்தாள். மூச்சு விடுவது இவனுக்குத் தெளிவாகக் கேட்டது. இப்போதாவது பேசு, பேசுடா என்று உள்ளே யாரோ பிடித்து உலுக்கினார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"சரி, வேலையைப் பாரு அண்ணா" என்று அவள் வைத்துவிட்டாள்.

அவன் திரும்பி வந்தான். தட்டில் சோறு காய்ந்துபோயிருந்தது. உட்காரவில்லை.

"என் தங்கச்சி" என்றான். "ஃபோன்ல என் தங்கச்சி. அந்தச் செல்லி என்னோடதுதான். மூணு வருஷமா நான்தான் வளர்த்தேன். அதுகிட்டதான் நீங்க தோத்தீங்க. அவளுக்குப் பொண்ணு பொறக்கப் போகுது, அதுவும் எங்களோடதுதான்."

யாரும் சிரிக்கவில்லை. எலக்ட்ரீஷியன் தலையைக் குனிந்துகொண்டான். டிங்கர் சோற்றைப் பிசையத் தொடங்கினான். இவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது. சொல்லி முடிக்க நாலு மூச்சுகூட ஆகவில்லை.

பெயிண்டர் ஃபோனை எடுத்து அவளைக் கூப்பிட்டான். மணி அடித்தது. அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டான்.